தலைக்கு மேல் ஒரு வேலை
(எண்ணெய்ப் பிசுக்கேறிய மின்விசிறியை ஆபத்தின்றித் துடைக்கும் முறை)

முன்னுரை

வீடு பெருக்கியாயிற்று, பாத்திரம் விளக்கியாயிற்று, ஒட்டடையும் அடித்தாயிற்று. இனி ஒரு வேலையும் இல்லை என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், நம் தலைக்கு மேலேயே ஒரு வேலை சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் கூரை மின்விசிறி. ஓடும்போது அதன் அழுக்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுத்தினால்தான், இறக்கைகளின் ஓரத்தில் கறுத்துத் தடித்த பிசுக்கு தெரியவருகிறது. ஆதலால் கிறிஸ்துமசும் போகியும் நெருங்கும்வரை அதை நாம் மறந்தே போகிறோம். நினைவு வந்ததும் கட்டிலின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுகிறோம்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த மணலி புதுநகரில் வாழும் நமக்குப் பாதுகாப்பு என்ற சொல் புதிதன்று. நம் தந்தையரும் அண்ணன்மாரும் தொழிற்சாலையில் உயரத்தில் ஏறி வேலை செய்வதென்றால் ‘பெர்மிட்’ இல்லாமல் தொடங்குவதில்லை. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டுச் சீட்டுத் தொங்கவிட்ட பிறகே இயந்திரத்தில் கை வைக்கிறார்கள். தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் அணிகிறார்கள். அதே குடும்பத்தில் அம்மாவும் ஆயாவும் அக்காவும் ஈரத்துணியோடு ஆடும் ஸ்டூலில் ஏறி மின்சாரப் பொருளைத் துடைக்கிறார்கள். தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே இருக்கும் விழிப்பு வீட்டு வாசலுக்குள்ளும் வரவேண்டாமா? அதைப் பற்றியே இக்கட்டுரையில் காண்போம்.

பங்காவிலிருந்து மின்விசிறி வரை

மின்சாரம் வருவதற்கு முன் பெரிய மாளிகைகளிலும் அலுவலகங்களிலும் கூரையிலிருந்து ‘பங்கா’ என்னும் துணி விசிறி தொங்கும். வெளியே அமர்ந்த ஒரு தொழிலாளி கயிற்றை இழுத்து இழுத்து அதை ஆட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் குளிர்ந்திருக்க மற்றொருவர் வியர்வை சிந்திய காலம் அது.

1882ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஷைலர் வீலர் என்பவர் இரண்டு இறக்கைகள் கொண்ட மேசை மின்விசிறியை உருவாக்கினார். அதே 1880களில், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் தையல் இயந்திர நிறுவனத்தில் பணியாற்றிய பிலிப் டீல் என்பவர், தையல் இயந்திரத்தின் மின்மோட்டாரைக் கொண்டு கூரை மின்விசிறியை அமைத்தார். நாம் துணி தைக்கும் இயந்திரமும் நமக்குக் காற்று தரும் விசிறியும் உறவுக்காரர்கள் என்பது வியப்பன்றோ?

மின்சாரத்திற்கும் வடசென்னைக்கும் உள்ள உறவும் பழையது. சென்னை நகரின் பழைய அனல் மின்நிலையம் பேசின் பாலத்தருகே இருந்தது. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1990களில் தோன்றிய வடசென்னை அனல் மின்நிலையமும், அதன் பின் வந்த வல்லூர் மின்நிலையமும் இன்றும் நம் அண்டையில் உள்ளன. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டருடன் மின்விசிறியையும் வழங்கத் தொடங்கியபோது, காற்று என்பது வசதியுள்ளவர்க்கு மட்டும் உரியது என்ற நிலை மேலும் மாறியது.

பிசுக்கு எவ்வாறு உண்டாகிறது?

“இவ்வளவு வேகமாகச் சுற்றும் விசிறியில் தூசு எப்படி ஒட்டும்? பறந்து போய்விடாதா?” என்று தங்கைமார் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான்.

இறக்கை சுற்றும்போது அதன் மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. அப்படலத்தினுள் படிந்த நுண்ணிய தூசியைக் காற்று அடித்துச் செல்ல முடிவதில்லை. மேலும் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லும் முன்விளிம்பில் தூசித் துகள்கள் நேரே வந்து மோதுகின்றன. எனவேதான் இறக்கையின் முன்விளிம்பில் அழுக்குத் தடிப்பாகவும் பின்புறத்தில் மெல்லியதாகவும் இருக்கிறது. அடுத்த முறை விசிறியை நிறுத்தும்போது கூர்ந்து நோக்கினால் இது விளங்கும்.

வெறும் தூசு என்றால் உலர்ந்த துணியே போதும். அதைப் பிசுக்காக மாற்றுவது அடுப்பங்கரை. வஞ்சிரம் வறுக்கும்போதும், முறுக்குச் சுடும்போதும், கல்கல் பொரிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் புகையோடு மேலே எழுகின்றன. சிறிய வீடுகளில் அடுப்பங்கரைக்கும் கூடத்திற்கும் நடுவே கதவு இருப்பதில்லை. கூடத்து விசிறி அந்தக் காற்றை இழுத்து வீடெங்கும் பரப்புகிறது. தன் இறக்கையிலும் பூசிக்கொள்கிறது. அந்த எண்ணெயின் மேல் தூசு ஒட்டுகிறது. தூசியின் மேல் மீண்டும் எண்ணெய் படிகிறது.

நாளடைவில் இன்னொன்றும் நடக்கிறது. காற்றிலுள்ள உயிர்வாயு, அதாவது ஆக்சிஜன், சமையல் எண்ணெயோடு மெல்ல மெல்ல வினை புரிந்து எண்ணெயின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து விடுகிறது. ஆளி விதை எண்ணெய் கலந்த வண்ணம் காய்ந்து கெட்டிப்படுவது இந்த முறையில்தான். ஆகவே ஒரு மாதப் பிசுக்கு துணிக்கு வந்துவிடும். ஓராண்டுப் பிசுக்கு வார்னிஷ் போலப் பிடித்துக்கொள்ளும். வேலையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட அது இரட்டிப்பாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று சில கூடுதல் காரணங்களும் உண்டு. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் செல்கின்றன. அவற்றின் டீசல் புகையும் சாலைப் புழுதியும் சன்னல் வழியே வருகின்றன. எண்ணூர்க் கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் சுமந்து வருகிறது. மணலியை 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடும் மாசுற்ற தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்ததையும் நாம் மறப்பதற்கில்லை. எனவே மற்ற ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு முறை துடைத்தால் போதும் என்றாலும், நமக்கு அது போதாது.

ஒரு சிறு சோதனை

இதை நாமே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வெள்ளை அட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவுவோம். மற்றொன்றை உலர்ந்தபடியே விடுவோம். இரண்டையும் அடுப்பிலிருந்து எட்ட, கூடத்துச் சுவரில் ஒரு வாரம் தொங்கவிடுவோம். பிறகு இரண்டையும் ஊதிப் பார்ப்போம். எதிலுள்ள தூசு பறக்கிறது, எதிலுள்ளது பறக்கவில்லை என்று பார்த்தால் பிசுக்கின் கதை புரிந்துவிடும். அறிவியல் கண்காட்சிக்கும் இது ஏற்றது.

ஏன் துடைக்க வேண்டும்?

அழகுக்காக மட்டும் அன்று. முதலாவது, இறக்கையில் படிந்த தூசு உதிர்ந்து உணவிலும் படுக்கையிலும் விழுகிறது. ஆஸ்துமாவும் தும்மலும் உள்ள பிள்ளைகளுக்கு அது கேடு. இரண்டாவது, பிசுக்கினால் இறக்கையின் வழவழப்பும் வடிவமும் கெடுவதால் காற்றுக் குறைகிறது. நாம் வேகத்தைக் கூட்டுகிறோம். மூன்றாவது, சமநிலை கெடுகிறது.

இந்த மூன்றாவதைச் சற்று கணக்கிட்டுப் பார்ப்போம். வழக்கமான கூரை விசிறியின் விட்டம் 1200 மில்லிமீட்டர், அதாவது 48 அங்குலம். முழு வேகத்தில் அது நிமிடத்திற்குச் சுமார் 350 முறை சுற்றுகிறது. அப்போது இறக்கையின் நுனி மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது! நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தின் வேகம் நம் கூடத்தில் சுழல்கிறது. அந்த வேகத்தில் ஓர் இறக்கையின் நுனியில் மட்டும் 10 கிராம் பிசுக்குக் கூடுதலாக இருந்தால், அது சுமார் 800 கிராம் எடைக்கு ஈடான விசையோடு விசிறியை ஒரு பக்கமாக வெளியே இழுக்கும். மூன்று இறக்கைகளிலும் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும். ஆகவே கை வலிக்கிறதென்று இரண்டு இறக்கைகளைத் துடைத்துவிட்டு மூன்றாவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாகாது. தொடங்கினால் மூன்றையும் முடித்தே தீரவேண்டும்.

முதற்கடமை: மின்சாரத்தை நிறுத்துதல்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஈரக்கையின் வழியே அது உடலுக்குள் எளிதில் பாயும். ஆயிரத்தில் சில பத்துப் பங்கு ஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகிப் பிடியை விட முடியாமற்போகும், இதயமும் தடுமாறலாம். மேலே நிற்பவருக்குச் சிறு அதிர்ச்சியே போதும், கீழே விழுந்துவிடுவார். ஆதலின் பின்வருவனவற்றை ஒன்றுவிடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

சுவரிலுள்ள ஸ்விட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பழைய வயரிங் உள்ள வீடுகளில் ஸ்விட்ச் சில வேளை நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கும். அங்கே ஸ்விட்சை நிறுத்தினாலும் விசிறி நிற்குமே தவிர, அதற்குள் மின்சாரம் வந்து நின்றுகொண்டுதான் இருக்கும். எனவே மெயின் ஸ்விட்சையே நிறுத்த வேண்டும்.

ரிமோட்டில் இயங்கும் புதிய வகை விசிறிகளை ரிமோட்டால் நிறுத்துவது, அதைத் தூங்க வைப்பது போன்றதுதான். அதன் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மெயினை நிறுத்தியதும் மின்தடை ஏற்பட்டதாக எண்ணிக்கொண்டு இன்வெர்ட்டர் தானாகவே விசிறிக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே மெயினையும் நிறுத்தி, இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும்.

“இப்போது கரண்ட் இல்லை, இந்த நேரத்தில் துடைத்துவிடலாம்” என்று சிலர் கிளம்புவர். இது மிகத் தவறு. போன மின்சாரம் எந்த நொடியில் திரும்பும் என்பதை யாரறிவார்?

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு, விசிறியின் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி ஸ்விட்சை நிறுத்திவிட வேண்டும். இறுதியாக, மெயின் பலகையில் ஒரு தாளை ஒட்டுவோம்: “விசிறியில் ஆள் வேலை செய்கிறார். போடாதீர்கள்.” வெளியிலிருந்து வரும் தம்பி, “ஏன் வீடு இருட்டாக இருக்கிறது?” என்று மெயினைத் தூக்கிவிடாமல் இந்தச் சிறு தாள் காக்கும். தொழிற்சாலைகளில் தொங்கவிடும் சீட்டின் பயன் இதுவே. பகல் வெளிச்சத்தில் வேலையை வைத்துக்கொண்டால் விளக்கும் தேவையில்லை.

இரண்டாவது கடமை: விழாமல் நிற்றல்

மின்சாரத்திற்கு அஞ்சுகிற நாம் விழுவதற்கு அஞ்சுவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி நடுவில் வளையும். கட்டில் மெத்தை அமுங்கும். கட்டிலின் மேல் ஸ்டூல் வழுக்கும். நான்கு காலும் தரையில் பதிந்து நிற்கும் மடக்கு ஏணியே சிறந்தது. மர ஏணியானால் இன்னும் நல்லது. அலுமினிய ஏணி மின்சாரத்தைக் கடத்தும். ஏணி இல்லாத வீட்டில் அண்டை வீட்டில் கேட்டு வாங்கி வருவோம்; கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

ஏணியை விசிறிக்கு நேர் கீழே சற்று விலக்கிப் போட்டால், எட்டி வளையாமல் முகத்துக்கு எதிரே இறக்கை இருக்கும்படி நிற்கலாம். கடைசிப் படியில் ஏறக்கூடாது. அடுத்த இறக்கைக்குச் சாய்வதை விட, இறக்கையைக் கையால் மெல்லச் சுற்றி நம் பக்கம் கொண்டுவருவதே அறிவுடைமை. முந்தானையையும் தாவணியையும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். பின்னலை முடிந்துகொள்ள வேண்டும். கால் ஈரமாக இருத்தல் கூடாது. ஒருவர் மேலே, ஒருவர் ஏணியைப் பிடித்தபடி கீழே. தனியாக ஒருபோதும் ஏறலாகாது. ஆயாவும், கருவுற்ற அக்காவும், தலைசுற்றல் உள்ளவர்களும், சிறு வகுப்புத் தங்கைகளும் ஏறவேண்டாம். அவர்களுக்குக் கீழே வேலை இருக்கிறது.

தேவையான பொருள்கள்

பழைய தலையணை உறை ஒன்று; பழைய பருத்தித் துணிகள் நான்கைந்து; கை பொறுக்கும் சூட்டில் அரை வாளி வெந்நீர்; பாத்திரம் விளக்கும் திரவ சோப்பு இரண்டு தேக்கரண்டி; பழைய பல்துலக்கி; விரிப்பதற்குப் பழைய செய்தித்தாள்; மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளக் கைக்குட்டை. இவ்வளவே. கடையில் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

சோப்பு ஏன் என்று கேட்கலாம். சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரோடு நட்பு. மறு முனை எண்ணெயோடு நட்பு. எண்ணெய் முனைகள் பிசுக்கைச் சூழ்ந்து பற்றிக்கொள்ள, நீர் முனைகள் அதை நீருக்குள் இழுத்து வருகின்றன. வெதுவெதுப்பு பிசுக்கை இளக்குகிறது. எனவே சோப்பும் சூடும் சேர்ந்தால் பாதி வேலையை அவையே செய்துவிடும்.

செய்யும் முறை

1. விசிறி முற்றிலும் நிற்கட்டும். கட்டில், சோற்றுப்பானை, தண்ணீர்க் குடம் ஆகியவற்றை அகற்றுவோம் அல்லது மூடுவோம். தரையில் செய்தித்தாள் விரிப்போம். அடுப்பை அணைத்துவிடுவோம்.

2. முதலில் உலர்ந்த துடைப்பு. தலையணை உறையைக் காலுறை மாட்டுவதுபோல இறக்கையின் மேல் நுழைத்து, இரு பக்கமும் லேசாக அழுத்தி நுனியை நோக்கி இழுத்தால் உதிரித் தூசு முழுவதும் உறைக்குள் விழுந்துவிடும். கண்ணிலும் விழாது, சோற்றிலும் விழாது. மூன்று இறக்கைகளுக்கும் இவ்வாறே செய்வோம்.

3. சோப்பு நீரில் துணியை நனைத்து, நீர் சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, இறக்கையைச் சுற்றிப் போர்த்தி ஐந்து முதல் பத்து நிமிடம் விடுவோம். அதற்குள் இறங்கிச் சற்று இளைப்பாறலாம். கடும் பிசுக்கைத் தேய்த்து வெல்வதை விட ஊறவைத்து வெல்வதே எளிது.

4. ஒரு கையால் இறக்கையின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் நடுவிலிருந்து நுனிநோக்கித் துடைப்போம். தாங்காமல் மேலிருந்து அழுத்தினால் இறக்கை வளைந்துவிடும். வளைந்த இறக்கை விசிறியை ஆட்டும்.

5. முன்விளிம்பிலும் திருகாணிகளின் அருகிலும் பல்துலக்கியால் மெதுவாகத் தேய்ப்போம். போகாத இடத்தில் மறுபடி துணியைப் போர்த்தி ஊறவைப்போம். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

6. நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுத்துவிட்டு, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தைப் போக்குவோம். சோப்புத் தங்கினால் மீண்டும் தூசு ஒட்டும்.

7. நடுவிலுள்ள மோட்டார்ப் பகுதியை உலர்ந்த துணியால் மட்டும் துடைப்போம். பிசுக்கு இருந்தால் இறுகப் பிழிந்த துணியால் மேலோட்டமாகத் துடைக்கலாம். நீரைத் தெளிப்பதோ பீய்ச்சுவதோ கூடவே கூடாது. மேலேயுள்ள கிண்ணம் போன்ற மூடியைக் கழற்ற வேண்டாம். அங்கே வயர் இணைப்புகளும் பெரும்பாலும் கண்டென்சரும் இருக்கும்.

8. கீழே இறங்கி எல்லாவற்றையும் எடுத்து வைத்து, குறைந்தது ஒரு மணி நேரம் உலர விடுவோம். பிறகு தாளை எடுத்துவிட்டு மெயினையும் இன்வெர்ட்டரையும் போடுவோம். உலர்ந்த கையோடு, விசிறிக்கு நேர் கீழே நிற்காமல், முதலில் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, ஆட்டமோ புதுச் சத்தமோ இல்லையெனில் வேகத்தைக் கூட்டலாம்.

செய்யக்கூடாதவை

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைத்தால் பிசுக்கு சட்டென்று போகும் என்பது உண்மையே. ஆனால் அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பையோ விளக்கையோ சென்றடைந்து பற்றிக்கொள்ளும். சுத்திகரிப்பு ஆலையின் அருகில் வாழும் நமக்கு எரிபொருள் ஆவியின் ஆபத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் அவை வேண்டவே வேண்டாம்.

சலவைச் சோடாவும் காஸ்டிக் சோடாவும் எண்ணெயை நன்கு கரைக்கும். ஆனால் இறக்கைகள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காரம் கரைத்துவிடும். வண்ணம் பெயர்ந்த இடங்களில் உலோகம் அரிக்கப்படும். பிறகு கடற்காற்றின் உப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். இரும்பு நாரும் இதே காரணத்தால் ஆகாது.

பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் கலந்தால் குளோரின் வாயு எழும்; பிளீச்சிங் பவுடரோடு அமோனியா கலந்தாலும் நச்சு வாயு எழும். “இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பாக வெளுக்கும்” என்பது பொய்.

சத்தம் வருகிறதென்று மோட்டாருக்குள் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். இக்கால விசிறிகளின் பேரிங் பெரும்பாலும் மூடியே செய்யப்பட்டது. ஊற்றிய எண்ணெய் உள்ளே போகாது, வெளியே வழிந்து புதிய பிசுக்கைத்தான் உண்டாக்கும். ஒரு விசிறியின் இறக்கையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதும் தவறு. அவை ஒரே எடையில் தொகுதியாகச் சேர்க்கப்பட்டவை.

மேசை விசிறியானால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் கம்பிக் கூண்டைத் திறக்க வேண்டும்.

மேலே இருக்கும்போது கண்ணால் பார்க்க வேண்டியவை

மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட எடை ஒரு கொக்கியில் தொங்குகிறது. கடற்காற்று வீசும் நம் பகுதியில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். கொக்கியில் துரு உதிர்கிறதா, கொக்கியைச் சுற்றிக் கூரையின் காரை விரிந்திருக்கிறதா, குழாயின் போல்ட்டு நழுவாமல் தடுக்கும் பின் அதன் இடத்தில் இருக்கிறதா, ரப்பர் தேய்ந்துவிட்டதா, வயரின் உறை வெடித்திருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்ப்போம். குறை தெரிந்தால் கையை வைக்காமல் இறங்கி, விசிறியைப் போடாமல், எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைப்போம். ரெகுலேட்டரைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பது, கருகல் வாடை, கையால் தள்ளினால்தான் சுற்றத் தொடங்குவது ஆகியவையும் அவரை அழைக்க வேண்டிய அறிகுறிகளே. இதைக் கண்டறிவதே துடைப்பதன் தலையாய பயன் என்றாலும் மிகையாகாது.

வெள்ளம் வடிந்த பிறகு

கொசஸ்தலை ஆறு பெருகும்போதெல்லாம் அஞ்சும் ஊர் நம்முடையது. 2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் மணலி புதுநகரின் தெருக்களைச் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளநீரோடு பெட்ரோலிய எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளின் சுவர்களிலும், மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது.

வெள்ளம் வடிந்ததும் வீட்டை உலர்த்த வேண்டும் என்ற ஆவலில் முதலில் விசிறியைப் போட மனம் துடிக்கும். விசிறி உயரத்தில் இருப்பதால் நனைந்திருக்காது. ஆனால் ஸ்விட்ச் பலகையும் சுவருக்குள் ஓடும் வயரும் நனைந்திருக்கும். நீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடுவது உயிரோடு விளையாடுவதாகும். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடவே கூடாது. அதுவரை கதவையும் சன்னலையும் திறந்துவைத்து இயற்கைக் காற்றால் உலர்த்துவோம். பெட்ரோலிய எண்ணெய் படிந்த பொருள்களை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அதன் ஆவி நிறைந்த அறையில் தீக்குச்சி கிழிக்கவும் வேண்டாம். சமையல் பிசுக்கும் அதுவும் ஒன்றல்ல.

விபத்து நேர்ந்தால்

ஒருவரை மின்சாரம் தாக்கினால், பாசத்தால் ஓடிச்சென்று அவரைத் தொடக்கூடாது. தொடுபவரையும் அது பற்றும். முதலில் மெயினை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு, உலர்ந்த மரக்கழியால் அவரை வயரிலிருந்து விலக்க வேண்டும். மூச்சு இல்லையெனில் மார்பின் நடுவில் அழுத்தும் முதலுதவியைத் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். அதே நேரத்தில் 108க்கு அழைக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவரின் கழுத்தோ முதுகோ வலித்தால் தூக்கி உட்கார வைக்க முயலாமல், அசையாமல் படுக்கவைத்து உதவிக்குக் காத்திருக்க வேண்டும். “ஒன்றும் இல்லை, சரியாகிவிட்டது” என்று அவர் சொன்னாலும், மின்சாரம் தாக்கியவரை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

வருமுன் காத்தல்

வறுக்கும்போது வாணலியின் மேல் துளையுள்ள மூடியை இடுவோம். அடுப்பங்கரைச் சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறி இருந்தால் அதை இயக்குவோம். அந்த நேரத்தில் கூடத்து விசிறியைச் சற்று நிறுத்தி வைப்போம். மாதம் ஒரு முறை, மேலே சொன்னபடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நீண்ட கழியில் துணி சுற்றித் தரையில் நின்றபடியே இறக்கைகளைத் துடைத்துவிட்டால் பிசுக்கு கெட்டிப்படாது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஏணி போட்டுச் சோப்பு நீரால் துடைத்தால் போதும். சுவர் நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்தால் மறதிக்கு இடமில்லை.

முடிவுரை

விசிறி துடைப்பது சிறிய வேலைதான். ஆயினும் சிறிய வேலையில் காட்டும் அலட்சியமே பெரிய துன்பத்தைக் கொண்டுவருகிறது. வீட்டு வேலையை “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று எண்ணுவதால்தான் அதற்கு ஏணியும் தேடுவதில்லை, துணைக்கு ஆளும் தேடுவதில்லை. வீட்டில் செய்யும் வேலையும் வேலையே. அதைச் செய்யும் உயிரும் விலை மதிப்பற்றதே. ஆகவே அன்புத் தோழியரே, அடுத்த முறை அம்மா ஸ்டூலைத் தேடும்போது நாம் சும்மா பார்த்துக்கொண்டிராமல், “அம்மா, கொஞ்சம் இருங்கள், மெயினை நிறுத்திவிட்டு வருகிறேன், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்” என்று சொல்வோம். அண்ணனையும் தம்பியையும்கூட ஒரு துணியோடு அழைப்போம். காற்று எல்லோருக்கும் வீசுவதால் வேலையும் எல்லோருக்கும் உரியதன்றோ?